கணிப்பொறிகள் முடங்கும் நாளில் இல்லங்கள்: ஆயத்தமும் அரசின் கடமையும்

2024-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று நாட்டின் ஏறத்தாழ 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள், கைபேசி வழியாகப் பணம் அனுப்பவோ பெறவோ இயலாத நிலைக்கு உள்ளாயினர். அவற்றுள் பெரும்பாலானவை கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாகும். அவ்வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை அளித்து வந்த நிறுவனம் ஒன்றின் கணிப்பொறி அமைப்பு, பிணைப்பணம் கேட்டு மிரட்டும் தீய மென்பொருளின் தாக்குதலுக்கு இலக்காயிற்று. தீங்கு பிற வங்கிகளுக்கும் பரவாதிருக்கும் பொருட்டு, இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் அந்நிறுவனத்தைத் தற்காலிகமாகத் துண்டித்து வைத்தது. மறுநாளே இணைப்பு மீட்கப்பட்டது.

ஒரு நாளில் முடிந்துபோன இந்நிகழ்ச்சி பெரிய செய்தியாகப் பேசப்படவில்லை. எனினும் அது ஒரு புதிய உண்மையை உணர்த்துகிறது. கிராமத்தில் வெள்ளமில்லை, புயலில்லை, மின்வெட்டும் இல்லை. கடையில் பொருள் இருந்தது, கணக்கில் பணமும் இருந்தது. ஆயினும் பணத்தைப் பொருளாக மாற்றும் வழி அடைபட்டுப் போயிற்று. எங்கோ தொலைவில், பெயர்கூடத் தெரியாத ஓர் இயந்திரத்தில் நேர்ந்த பழுது, அடுப்படி வரை வந்து சேர்ந்தது.

இத்தகைய முடக்கம் ஏன் ஏற்படுகிறது, அது இல்லங்களை எவ்வாறு பாதிக்கிறது, ஒரு குடும்பம் எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்க முடியும், அந்த அளவுக்கு மேல் யாருடைய பொறுப்பு தொடங்குகிறது என்னும் நான்கு வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முடக்கத்தின் வகைகள்

கணிப்பொறி முடக்கத்திற்கான காரணங்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, அமைப்பின் உள்ளேயே பதுங்கியிருக்கும் பிழை. நினைவகம் விலை மிகுந்திருந்த காலத்தில் ஆண்டினை இரண்டு இலக்கங்களில் மட்டும் எழுதி வைத்ததன் விளைவாக, 2000-ஆம் ஆண்டை 1900 எனக் கணிப்பொறிகள் கருதிவிடும் என்னும் அச்சம் எழுந்தது. இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பிழை இன்னும் காத்திருக்கிறது. பல பழைய அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை எண்ணியே காலத்தை அறிகின்றன. அந்த எண்ணிக்கை 2,147,483,647-ஐ எட்டியதும் மேற்கொண்டு எண்ண அவற்றில் இடமிராது. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அது நிகழும். புதிய அமைப்புகளில் இக்குறை களையப்பட்டு வருகிறது. எனினும் நெடுங்காலம் மாற்றப்படாமல் ஓடும் கருவிகளில் அது தங்கியிருக்கக்கூடும்.

இரண்டாவது, பராமரிப்பின்போது நேரும் தவறு. 2024 ஜூலை 19 அன்று, பாதுகாப்பு மென்பொருள் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட பிழையான திருத்தத்தால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் முடங்கின. இது விண்டோஸ் இயங்குதளக் கணிப்பொறிகளின் மொத்த எண்ணிக்கையில் ஒரு சதவீதத்திற்கும் குறைவே. ஆயினும் அவை விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நிதி நிறுவனங்களிலும் இருந்தமையால், பாதிப்பு எண்ணிக்கையை விஞ்சி நின்றது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயணச் சீட்டுகள் வழங்கப்பட்டன. நிதித் துறையில் 10 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மட்டுமே சிறிய அளவில் பாதிக்கப்பட்டதாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது. அன்று இந்திய இல்லங்கள் தப்பின.

மூன்றாவது, வேண்டுமென்றே செய்யப்படும் தாக்குதல். மேலே கூறிய சிறு வங்கிகளின் நிலை இதற்கு எடுத்துக்காட்டாகும். 2022 நவம்பர் 23 அன்று தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானபோது, நோயாளிகளின் பதிவு முதல் பரிசோதனை முடிவுகள் வரை அனைத்தும் காகிதத்திற்குத் திரும்பின. கணிப்பொறி வழிப் பதிவு மீள ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பிடித்தன.

நான்காவது, கணிப்பொறிக்கு உயிரூட்டும் மின்சாரமும் தகவல் தொடர்பும் அறுபடுதல். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியாவிலும், பின்னர் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளிலும் மின் கட்டமைப்பு சரிந்து, சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருளில் ஆழ்ந்தது. 2019 மே 3 அன்று ஒடிசாவின் பூரிக்கு அருகே ஃபோனி புயல் கரை கடந்தபின், பூரியிலும் புவனேசுவரத்திலும் மின்சாரமும் கைபேசி இணைப்பும் பல நாட்கள் அறுபட்டன. அவை இல்லாமல் ஏ.டி.எம். இயந்திரங்களும் பயனற்றுப் போயின. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளில் மின்சாரம் ஒரே வேளையில் நின்றபோது, அட்டையைத் தவிர வேறு எதையும் பையில் வைத்திராதவர்கள் கடைகளில் பொருள் வாங்க இயலாது நின்றனர். கையில் நாணயமும் வீட்டில் பேட்டரி வானொலியும் வைத்திருந்தவர்கள் அன்றைய பொழுதை ஓரளவு எளிதாகக் கடந்தனர்.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே நோக்கினால் கால அளவு பற்றிய ஒரு மதிப்பீடு கிடைக்கிறது. பணப் பரிமாற்ற முடக்கம் பெரும்பாலும் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை நீடிக்கிறது. ஒரு நிறுவனத்தின் முடக்கம் இரண்டு வாரம் வரை செல்லக்கூடும். இயற்கைச் சீற்றத்தோடு சேர்ந்த முடக்கம் ஒரு வாரத்தையும் தாண்டலாம். ஆகவே குடும்பங்கள் பொதுவாக மூன்று நாட்களுக்கும், புயல் வெள்ளப் பகுதிகளில் ஏழு நாட்களுக்கும் ஆயத்தமாக இருப்பது பொருத்தமான இலக்காகும்.

2000-ஆம் ஆண்டு தரும் படிப்பினை

கணிப்பொறி முடக்கத்தை எதிர்நோக்கி இல்லங்கள் பெருமளவில் ஆயத்தம் செய்தது முதன்முதலில் 1999-ஆம் ஆண்டில் எனலாம். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் பொதுமக்களுக்காக ஒரு வழிகாட்டிப் பட்டியலை வெளியிட்டது. பல நாட்கள் முதல் ஒரு வாரம் வரை போதுமான உணவும் நீரும் சேமித்தல், சிறிது ரொக்கம் கையிருப்பில் வைத்தல், வாகன எரிபொருள் கலத்தைப் பாதிக்கு மேல் நிரப்பி வைத்தல் ஆகியவை அதில் இடம்பெற்றன. அந்நாட்டு மத்திய வங்கி, மக்கள் ஒரே நேரத்தில் பணம் எடுக்கக்கூடும் எனக் கருதி, கூடுதலாக 5,000 கோடி டாலர் மதிப்புள்ள நாணயத் தாள்களை அச்சிட ஏற்பாடு செய்தது.

2000 ஜனவரி 1 அமைதியாக விடிந்தது. அதனால், அச்சம் முழுவதும் வீண் என்று கூறியவர் பலர். ஆனால் பல்லாயிரம் பொறியாளர்கள், அவர்களுள் பெருந்தொகையினரான இந்தியர்கள், பல ஆண்டுகள் வரிவரியாக நிரல்களைத் திருத்தியதன் பயனே அந்த அமைதி என்பது மறக்கப்பட்டது. திருத்தம் எட்டாத இடங்களில் பிழை தன் வேலையைச் செய்யாமலில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர மருத்துவமனையில் ஒரு கணிப்பொறி கர்ப்பிணிகளின் வயதைத் தவறாகக் கணக்கிட்டது. அதனால் 150-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, பிறக்கவிருக்கும் குழந்தையின் உடல்நிலை பற்றித் தவறான மதிப்பீடு அளிக்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறப்படுகின்றன. நடைபெறாத விபத்து, ஆயத்தம் தேவையற்றது என்பதற்குச் சான்றாகாது என்பது ஒன்று. சேமித்த அரிசியும் நீரும் எந்தக் காரணத்திற்காகச் சேமிக்கப்பட்டனவோ அக்காரணம் நேராவிடினும், வெள்ளம், நோய், வேலையின்மை முதலிய எந்த இடருக்கும் அவை பயன்படும் என்பது மற்றொன்று. எனவே ஆயத்தத்தை ஒரு குறிப்பிட்ட நாளோடு பிணைக்காமல், இல்லறத்தின் வழக்கமாக ஆக்குவதே அறிவுடைமை.

இல்லத்தின் சார்புநிலை

1999-ஐக் காட்டிலும் இன்றைய இந்தியக் குடும்பம் கணிப்பொறியைப் பன்மடங்கு சார்ந்துள்ளது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் யு.பி.ஐ. வழியிலான பரிமாற்றங்கள் ஒரே மாதத்தில் 2,000 கோடியைக் கடந்தன. அதே ஆண்டு மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் அவ்வமைப்பு தடுமாறியபோது, தேநீர்க் கடை முதல் மருந்துக் கடை வரை அதன் எதிரொலி கேட்டது. நியாய விலைக் கடையில் கைரேகைக் கருவி, சமையல் எரிவாயுவுக்குக் கைபேசிப் பதிவு, மின்சாரத்திற்குப் பல மாநிலங்களில் முன்கட்டண அளவி, சுங்கச் சாவடியில் மின்னணு அட்டை, சான்றிதழ்களுக்கு மின்னணுப் பெட்டகம் என ஒவ்வொரு தேவைக்கும் ஒரு திரை குறுக்கே நிற்கிறது.

இச்சார்பின் அளவை அறிய ஒவ்வொரு குடும்பமும் ஓர் எளிய பயிற்சியை மேற்கொள்ளலாம். காலை எழுந்தது முதல் இரவு உறங்கும் வரை ஒரு நாளில் செய்த செயல்களை ஒரு தாளின் இடப்புறத்தில் வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, மின்சாரம் தேவையா, கைபேசி இணைப்பு தேவையா, தொலைவிலுள்ள கணிப்பொறியின் ஒப்புதல் தேவையா என்று குறிக்க வேண்டும். மூன்றாவது பகுதியில், அது நின்றால் வேறு வழி என்ன என்று எழுத வேண்டும். மூன்றாம் பகுதி வெறுமையாக இருக்கும் வரிகளே அக்குடும்பத்தின் பலவீனங்கள். பள்ளி, கல்லூரி மாணவர்கள் தத்தம் வீடுகளில் இப்பயிற்சியைச் செய்து ஒப்பிட்டால், ஒரே தெருவில் வாழும் குடும்பங்களிடையேகூடப் பெரும் வேறுபாடு தென்படும்.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் அவசியம். இணைய இணைப்பு அறுபடுவது ஒன்று. வங்கியின் மையக் கணிப்பொறி நிற்பது வேறொன்று. *99# என்னும் எண் வழிச் சேவையும், சாதாரணக் கைபேசிகளுக்கென 2022 மார்ச் மாதத்தில் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. 123பே சேவையும் இணையமின்றியே இயங்குபவை. இணையம் மட்டும் நின்றால் இவை கைகொடுக்கும். ஆனால் வங்கியின் கணிப்பொறியே முடங்கினால் இவையும் அதன் வாயிலில்தான் காத்து நிற்கும். ஆகவே ஒரே வங்கியை நாடும் மூன்று வழிகளைக் கையில் வைத்திருப்பவர் மூன்று மாற்று வழிகள் உடையவர் ஆகார். முடிந்தால் வேறொரு வங்கியிலோ அஞ்சலகத்திலோ இரண்டாவது கணக்கு வைத்திருப்பது நலம்.

குடும்பம் செய்யக்கூடியவை

நீர்: குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் எனக் கொண்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு மூன்று நாட்களுக்கு 60 லிட்டர் வேண்டும். மூடியுள்ள நான்கைந்து குடங்களில் அடங்கக்கூடிய அளவு இது. மின்மோட்டாரை நம்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகளில் இதன் தேவை மிகுதி. அருகில் உள்ள கைப்பம்பு அல்லது கிணறு பயன்படும் நிலையில் உள்ளதா என்று முன்னரே அறிந்து வைப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

உணவும் எரிபொருளும்: வழக்கமாக வாங்கும் அரிசி, கோதுமை மாவு, பருப்பு, எண்ணெய், உப்பு ஆகியவற்றுள் ஒரு வாரத்திற்கானதைக் கூடுதலாக வைத்து, பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் சேர்த்து வர வேண்டும். அவல், பொரி, வெல்லம், வறுத்த கடலை போன்றவை சமைக்காமலே உண்ணத்தக்கவை. எரிவாயு உருளை தீர்ந்த பின் பதிவு செய்வதைத் தவிர்த்து, இயலுமாயின் இரண்டாவது உருளையை வைத்திருக்க வேண்டும்.

ரொக்கம்: எவ்வளவு ரொக்கம் வேண்டும் என்பதற்கு அயல்நாட்டு முன்மாதிரி ஒன்று உண்டு. நெதர்லாந்தின் மத்திய வங்கி 2025-ஆம் ஆண்டில், மூன்று நாள் தேவைக்கெனப் பெரியவர் ஒருவருக்கு 70 யூரோவும் குழந்தைக்கு 30 யூரோவும் வீட்டில் வைத்திருக்குமாறு அறிவுறுத்தியது. இந்தியச் சூழலுக்கு நாட்டின் நுகர்வுச் செலவு ஆய்விலிருந்தே அளவு காணலாம். 2023-24-ஆம் ஆண்டு ஆய்வின்படி ஊரகப் பகுதியில் ஒருவரின் சராசரி மாதச் செலவு ரூ. 4,122, நகர்ப்புறத்தில் ரூ. 6,996. ஐந்து பேர் கொண்ட சராசரி ஊரகக் குடும்பத்தின் மூன்று நாள் செலவு ஏறத்தாழ ரூ. 2,060 ஆகிறது. இத்தொகையை 10, 20, 50, 100 ரூபாய்த் தாள்களாக வைத்திருப்பது முக்கியம். முடக்க நாளில் 500 ரூபாய்த் தாளுக்குச் சில்லறை கிடைப்பது அரிது.

மருந்து: நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு முதலிய நோய்களுக்கு நாள்தோறும் மருந்துண்போர் ஒரு வாரத்திற்கான மருந்தைக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். மருத்துவரின் சீட்டும், நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவை எழுதிய தாளும் உடனிருத்தல் வேண்டும். மருத்துவமனையின் கணிப்பொறி நிற்கும் நாளில் நோயாளியின் வரலாற்றைச் சொல்லக்கூடியது அத்தாள் ஒன்றே.

ஆவணங்கள்: குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், நிலப் பதிவேடு, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் காகிதப் படிகளை நீர் புகாத உறையில் இட்டு வைக்க வேண்டும். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் மாதம் ஒருமுறை பதிவு செய்துகொள்ளும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது.

தகவல்: பேட்டரியால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி, கைவிளக்கு, உற்றார் உறவினர், மருத்துவர், மின் அலுவலகம் ஆகியோரின் தொலைபேசி எண்களைக் கையால் எழுதிய அட்டை ஆகியவை ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். அவசர உதவிக்கான 112 என்னும் எண்ணைக் குழந்தைகளும் அறிந்திருக்க வேண்டும். பேச்சு இணைப்பு கிடைக்காத நெரிசலில் குறுஞ்செய்தி சில வேளைகளில் சென்று சேரும்.

உரிமை: முடக்கத்தின்போது கணக்கில் கழிக்கப்பட்டும் சேர வேண்டிய இடத்தில் சேராத பணம் பற்றி, ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் மாதத்தில் கால வரம்புகளை வகுத்தது. அதன்படி, ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் கழிக்கப்பட்டால் பரிமாற்ற நாளுக்குப்பின் ஐந்து நாட்களுக்குள் திருப்பி வரவு வைக்கப்பட வேண்டும். யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் ஒரு நாளும், வணிகருக்குச் செலுத்தியது சேராவிட்டால் ஐந்து நாட்களும் வரம்பாகும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 இழப்பீடு தரப்பட வேண்டும். பரிமாற்ற எண், நாள், நேரம், தொகை ஆகியவற்றை உடனே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பவரே இவ்வுரிமையை எளிதில் நிலைநாட்ட முடியும்.

ஆயத்தம் எட்டாத இல்லங்கள்

மேற்கூறியவை அனைத்தும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. சேமிப்பதற்கு ஏதேனும் மிச்சம் இருக்க வேண்டும் என்பதே அது. இந்த இடத்தில்தான் பொதுவான அறிவுரைகள் பொருளற்றுப் போகின்றன.

மேலே குறிப்பிட்ட அதே ஆய்வின்படி, ஊரக மக்களில் மிகக் கீழ்நிலையிலுள்ள 5 சதவீதத்தினரின் சராசரி மாதச் செலவு ஒருவருக்கு ரூ. 1,677 மட்டுமே. ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு இது நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ. 280 ஆகிறது. இக்குடும்பம் ஒரு வாரத் தேவையை முன்கூட்டியே சேமிக்க வேண்டுமாயின் ரூ. 1,950-க்கு மேல் ஒதுக்க வேண்டும். அதாவது, ஏழு நாள் எதையும் செலவிடாமல் இருந்தால்தான் ஏழு நாளுக்கானதைச் சேர்க்க முடியும். அன்றாடக் கூலியில் வாழும் வீட்டில் அரிசிப் பானை ஒரு வாரம் முன்னோக்கிப் பார்ப்பதில்லை.

அது மட்டுமன்று. இக்குடும்பங்களே கணிப்பொறியின் ஒப்புதலை மிகுதியாக நாடி நிற்பவை. வசதியுள்ளவரின் அரிசி கடையிலிருந்து வருகிறது. ஒரு வழி அடைபட்டால் அவர் மறு வழியில் வாங்குவார். வறியவரின் அரிசியோ நியாய விலைக் கடையில், கைரேகை பொருந்திய பின்னரே அளக்கப்படுகிறது. உழைப்பால் தேய்ந்த விரல், முதுமையால் மங்கிய ரேகை, மலைப்பகுதியில் கிட்டாத இணைப்பு, நின்றுபோன மையக் கணிப்பொறி ஆகிய எதுவாயினும் விளைவு ஒன்றே. நகரத்து இல்லத்திற்கு எப்போதாவது நேரும் முடக்கம், இவர்களுக்கு ஏறத்தாழ மாதந்தோறும் நேரக்கூடியது. எனவே கணிப்பொறி முடக்கத்திற்கான ஆயத்தம் என்பது, இவர்களைப் பொறுத்தவரை வீட்டில் செய்யப்படுவதன்று. அரசு அலுவலகத்தில் செய்யப்பட வேண்டியதாகும்.

இதற்கான சட்டப் பின்புலம் ஏற்கனவே உள்ளது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 5 கிலோவும் அந்த்யோதயா குடும்பத்திற்கு 35 கிலோவும் தானியம் பெறும் உரிமையை அளிக்கிறது. உரிய தானியம் வழங்கப்படாதபோது உணவுப் பாதுகாப்பு உதவித்தொகை பெறவும் அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் குடும்ப அட்டை நீக்கம் தொடர்பான பட்டினிச் சாவுப் புகார்கள் எழுந்த பின்னணியில், 2017 அக்டோபரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு விரிவான அறிவுரை அனுப்பியது. ஆதார் இல்லை என்பதற்காகவோ, கைரேகை பொருந்தவில்லை என்பதற்காகவோ, இணைப்புக் கோளாறு காரணமாகவோ எவருக்கும் தானியம் மறுக்கப்படலாகாது என்றும், அத்தகையோருக்கு வழங்கியதைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. அந்தப் பதிவேடே வறிய குடும்பத்தின் சேமிப்புக் கிடங்கு ஆகும். கடையில் அது திறந்திருக்கிறதா, அதைப் பயன்படுத்தக் கடைக்காரருக்குத் துணிவும் அதிகாரமும் உண்டா என்பதைப் பொறுத்தே அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் அமைகிறது.

நிர்வாகம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, கணிப்பொறி வழியே நடைபெறும் ஒவ்வொரு மக்கள் சேவைக்கும் எழுத்து மூலமான மாற்று நடைமுறை ஒன்று இருத்தல் வேண்டும். எத்தனை மணி நேரம் முடங்கினால் காகித முறைக்கு மாறுவது, அதற்கு ஆணையிடுபவர் யார், பின்னர் பதிவுகளை எவ்வாறு கணிப்பொறியில் ஏற்றுவது என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். மேலிடத்தின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டிய நிலையில், அந்த ஆணையைக் கொண்டுவர வேண்டிய இணைப்பும் நின்றிருக்கும் என்பதை மறத்தலாகாது. எனவே அவ்வதிகாரம் சேவை வழங்கப்படும் இடத்திலேயே இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, மாற்று முறையைக் கையாண்ட பணியாளர் தண்டிக்கப்படலாகாது. முறைகேட்டைத் தடுக்கவே மின்னணுக் கருவிகள் கொண்டுவரப்பட்டன என்பதும், காகிதப் பதிவேடு மீண்டும் முறைகேட்டிற்கு வாயிலாகலாம் என்பதும் உண்மையே. அதற்குத் தீர்வு, வழங்கிய பின் தணிக்கை செய்வதே அன்றி, வழங்குவதையே நிறுத்துவதன்று. ஊர்ச் சபையில் அப்பதிவேட்டைப் படித்துக் காட்டுவது எளிய தணிக்கை முறையாகும்.

மூன்றாவதாக, ஒத்திகை அவசியம். தீயணைப்புப் பயிற்சி போன்று, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள், ஆரம்ப சுகாதார நிலையம், வங்கிக் கிளை, நியாய விலைக் கடை ஆகியவை கணிப்பொறியின்றி இயங்கிப் பார்க்க வேண்டும். அச்சிட்ட படிவங்கள் எங்குள்ளன, பேரேடு எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர், பெட்டகச் சாவி யாரிடம் என்பன அன்று வெளிப்படும். தில்லி மருத்துவமனை இரண்டு வாரங்கள் காகிதத்தில் இயங்க முடிந்தது என்பது, கை எழுத்தும் ஒரு தேசியச் சொத்து என்பதை நினைவூட்டுகிறது.

நான்காவதாக, மகளிர் சுய உதவிக் குழுக்களின் வலிமையைப் பயன்படுத்தலாம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் சுமார் 10 கோடி பெண்கள் இத்தகைய குழுக்களில் இணைந்துள்ளனர். பல குழுக்களில் பொதுநிதியும் கையால் எழுதும் கணக்குப் புத்தகமும் உள்ளன. தனி ஒரு குடும்பத்தால் இயலாத மூன்று நாள் தானிய இருப்பை, பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து பேண இயலும். நெருக்கடியில் பற்றுக் கணக்கில் பொருள் தரும் ஊர் மளிகைக்காரரும் இவ்வகையில் ஒரு மதிப்புமிக்க நிறுவனமே.

அச்சத்தைத் தவிர்த்தல்

ஆயத்தம் வேறு, பதுக்கல் வேறு. அனைவரும் ஒரே நாளில் கடைக்கும் வங்கிக்கும் விரைந்தால், கணிப்பொறி முடங்காமலே பஞ்சம் தோன்றிவிடும். ஆகவே சேமிப்பு மாதம் சிறிது சிறிதாகச் செய்யப்பட வேண்டும். தேவைக்கு மிஞ்சியது அயலார் பங்கு எனக் கருதப்பட வேண்டும். மேலும், முடக்கம் நேரும்போதெல்லாம் உதவி செய்வதுபோல் வந்து கடவுச் சொல்லைப் பறிக்கும் மோசடிக்காரர்கள் தோன்றுகின்றனர். 2024 ஜூலை முடக்கத்தின்போதும் இத்தகைய போலி உதவிகள் குறித்து இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழு எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. முடக்க நாளில் எந்த அழைப்பையும் நம்பி இரகசிய எண்ணைக் கூறாதிருப்பதும், அதிகாரப்பூர்வமான அறிவிப்புக்காகப் பொறுத்திருப்பதும் ஆயத்தத்தின் இன்றியமையாத கூறுகளாகும்.

முடிவுரை

கணிப்பொறி நாட்டின் வளர்ச்சிக்கு ஆற்றியுள்ள தொண்டு அளவிடற்கரியது. நீண்ட வரிசைகளைக் குறைத்தும், இடைத்தரகரை விலக்கியும், தொலைவிலுள்ள ஊர்களுக்கு வங்கியைக் கொண்டு சென்றும் அது செய்துள்ள நன்மைகளை இழக்க எவரும் விரும்பார். ஆனால் எந்த இயந்திரமும் ஒரு நாள் நிற்கும் என்பது பொறியியலின் பாலபாடம். நிற்கும் அந்த நாளில், வசதியுள்ள இல்லத்தைக் காப்பது அதன் சமையலறை இருப்பு. வசதியற்ற இல்லத்தைக் காப்பது நியாய விலைக் கடையின் காகிதப் பதிவேடு. முதலாவதைச் செய்துகொள்ளும்படி மக்களுக்கு அறிவுரை கூறும் அரசு, இரண்டாவதைத் தானே செய்து முடித்திருத்தல் வேண்டும். 2038-ஆம் ஆண்டு ஜனவரி வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த மாதம் தானியம் வழங்கும் நாளன்று, கைரேகை பொருந்தாத ஒரு முதியவர் வெறும் பையுடன் திரும்பாதிருப்பதே இந்த ஆயத்தத்தின் முதல் சோதனையாகும்.